அல்வாவின் நெய்யும் பீட்சாவின் சீஸும்

பாளையங்கோட்டையில் ஓரளவு பெரிய மளிகைக் கடை ஒன்றின் குளிர்பெட்டியைத் திறந்தால் இன்று மூன்று நான்கு வகைச் சீஸாவது கண்ணில் படுகிறது. பனீர் இருக்கிறது, ரொட்டிக்கு நடுவில் வைக்கும் சதுரத் துண்டுகள் இருக்கின்றன, பீட்சாவுக்கென்று துருவிய மொசரெல்லா இருக்கிறது. சில நாட்களில் இத்தாலியப் பெயர் தாங்கிய கெட்டியான துண்டு ஒன்றும் ஓரத்தில் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். பனீர் வாங்குபவர் வீட்டில் குருமா வைக்கப் போகிறார். மொசரெல்லா வாங்குபவர் பள்ளிப் பிள்ளைகளின் நச்சரிப்புக்காக வாங்குகிறார். ஒருவர் கூடைக்குப் போகும் பொருள் இன்னொருவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் பனீர் விலை ஏறும்போது கொஞ்ச நாள் முன்னே பின்னே மொசரெல்லாவும் ஏறிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

வெவ்வேறு சீஸ்களின் விலைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிற்றைச் சாப்பிடுகிறவர் நாக்கில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, அதிலும் வலுவான பாதி, பால்குடத்துக்குள் இருக்கிறது.

ஒரு கிலோ மொசரெல்லா செய்ய ஏறத்தாழ பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். செடார் என்னும் கெட்டிச் சீஸுக்கும் அதே அளவுதான். பனீருக்கு ஆறரை லிட்டர் போதும். பனீரில் நீர் அதிகம் தங்குகிறது என்பது ஒரு காரணம். பாலை நன்றாகச் சுடவைத்துப் பிறகு புளிப்பு சேர்ப்பதால், மற்றச் சீஸ்களில் தெளிநீரோடு வெளியேறிவிடும் புரதமும் இதில் கட்டியோடு ஒட்டிக்கொள்கிறது என்பது இன்னொன்று. எருமைப்பால் கிடைத்தால் ஐந்து லிட்டரிலேயே ஒரு கிலோ பனீர் எடுக்கலாம். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ ஒரு சக்கரம் சுமார் நாற்பது கிலோ எடை. அதற்கு 550 லிட்டர் பால் போகிறது, அதாவது கிலோவுக்குப் பதினான்கு லிட்டருக்குப் பக்கம்.

ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாயாகவும் எருமைப்பாலுக்கு 44 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பரில் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்ததும் அது 38, 47 ஆனது. கணக்குக்கு இந்த விலையையே வைத்துக்கொள்வோம். பசும்பாலில் செய்த ஒரு கிலோ பனீருக்குப் பால் செலவு மட்டும் 247 ரூபாய். மொசரெல்லாவுக்கு 380 ரூபாய். எருமைப்பால் லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூடுதல் என்றாலும் அதில் செய்த பனீருக்கு 235 ரூபாய்தான் ஆகிறது. பனீர் செய்கிறவர்கள் எருமைப்பாலைத் தேடி அலைவதற்குக் காரணம் இந்தப் பன்னிரண்டு ரூபாய். ஆனால் நம் பக்கத்துத் தொழுவங்களில் கலப்பினப் பசுக்களே அதிகம், எருமை குறைந்துவிட்டது. அதனால் நெல்லைச் சீமையில் பனீரின் விலை பசும்பாலோடுதான் நடக்கிறது.

இப்போது பால் விலை லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பனீரின் அடக்கவிலை ஆறரை ரூபாய் ஏறும், மொசரெல்லா பத்து ரூபாய் ஏறும். எல்லாம் ஒரே திசையில் போனாலும் எட்டுவைக்கும் அளவு ஒன்றல்ல. குடும்பத்தோடு கோயிலுக்கு நடக்கும்போது அப்பாவின் எட்டும் பிள்ளையின் எட்டும் வேறாக இருப்பதைப் போல, பால் விலை ஏறுகிற காலத்தில் இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும், இறங்குகிற காலத்தில் குறைந்துகொண்டே வரும்.

இதுவரை சொன்னது எளிய பாதி. பாலில் கொழுப்பு ஒரு சரக்கு, கொழுப்பு நீங்கிய சத்து இன்னொரு சரக்கு என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. இதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் நம் ஊரின் பெயரைச் சுமந்து திரியும் பண்டத்தின் உயிரே நெய்தான்.

அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலுக்கும் மாட்டுக்கும் தொடர்பில்லை. மாட்டுப்பால் அல்வாவுக்குள் நுழைவது நெய்யின் வழியாக. நான்கு சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க இருபத்தைந்து லிட்டராவது வேண்டும். கொழுப்பைக் கடைந்து எடுத்த பிறகு மிஞ்சும் பாலைப் பெரும்பாலும் பவுடராக்குகிறார்கள். மறுபுறம், பீட்சா மொசரெல்லாவுக்கு முழுக் கொழுப்புப் பால் கட்டாயமில்லை. ஓரளவு கொழுப்பு எடுத்த பாலிலும் நன்றாக இழுபடும் சீஸ் வரும். ஆகவே ஒரு பால் பண்ணையில் ஒவ்வொரு நாள் காலையிலும் எழும் கேள்வி இதுதான்: வந்திறங்கிய இந்தப் பாலின் கொழுப்பு இன்று எங்கே போனால் அதிக வருமானம்? நெய்க்கா, வெண்ணெய்க்கா, சீஸுக்கா, அல்லது பாக்கெட் பாலாகவே போகட்டுமா?

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று வரிசையாகக் கால்வாய்கள் பிரிகின்றன. மேலே ஒரு மடையில் கூடுதலாகத் தண்ணீர் திறந்தால் கீழே இருக்கும் வயல்காரருக்குத் தகவல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் மட்டமே சொல்லிவிடும். பால்கொழுப்பும் அப்படித்தான் ஓடுகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நெல்லையப்பர் கோயில் தேரடிப் பக்கத்து அல்வாக் கடைகளில் தொடங்கி நாடு முழுவதும் இனிப்புக் கடைகள் நெய்யை அள்ளிக்கொண்டு போகின்றன. நெய் விலை உயர்ந்து நின்றால் பண்ணைக்காரர் கொழுப்பை நெய்க்குத் திருப்புவார். சீஸ் தொட்டிக்கும் அதே கொழுப்பு வேண்டுமென்றால் நெய் கொடுக்கும் விலையைச் சீஸும் கொடுத்தாக வேண்டும். இப்படித்தான் அல்வா தின்கிற ஒருவரும் பீட்சா தின்கிற ஒருவரும் முகம் பார்க்காமலே ஒருவர் பையில் இன்னொருவர் கை வைக்கிறார்கள்.

2022-ல் இது கண்கூடாகத் தெரிந்தது. வட மாநிலங்களில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியது, கொரோனா காலத்தில் சினை ஊசி போடுவது தடைபட்டதன் விளைவும் அதோடு சேர்ந்தது. அந்த ஆண்டுக் கடைசியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் நாட்டில் பால்கொழுப்புக்குத் தட்டுப்பாடு. கடைகளில் வெண்ணெய் கிடைக்கவில்லை என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். நோய் தாக்கியது மாடுகளை. ஆனால் வெண்ணெய், நெய், சீஸ் என்று கொழுப்பைத் தொட்ட எல்லாவற்றின் விலையையும் அது தொட்டது. பவுடர் அப்படியே எதிர்ப்பக்கம் நடக்கக்கூடியது. நெய்க்காகக் கொழுப்பை எடுக்க எடுக்கப் பவுடர் குவிகிறது. குவிந்த பவுடர் விற்காவிட்டால் அதில் முடங்கிய பணம் பால் கொள்முதல் விலையைக் கீழே இழுக்கிறது. நெய் விலை நன்றாக இருந்தும் மாட்டுக்காரருக்கு விலை கிடைக்காத காலங்கள் இப்படித்தான் வருகின்றன.

சாப்பிடுகிறவர் பக்கத்துக்கு வருவோம். ஒன்று விலை ஏறினால் மற்றொன்றுக்கு மாறிக்கொள்வார்கள், அதனால் அதன் விலையும் ஏறும் என்பது பொதுவான விதி. நாட்டுப்பழம் விலை கூடினால் கற்பூரவல்லியை வாங்கிக்கொண்டு போகிறோம் அல்லவா? சீஸில் இந்த விதி சில சோடிகளுக்கு இறுக்கமாகப் பொருந்தும், சில சோடிகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. பனீரையும் மொசரெல்லாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பனீர் சூட்டில் உருகாது. புளிப்பால் திரித்த கட்டியில் சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் கழுவிப் போய்விடுவதும், சுட்ட புரதம் இறுகி நிற்பதும் காரணம். எண்ணெயில் பொரித்தாலும் குழம்பில் கொதித்தாலும் வடிவம் மாறாமல் நிற்பதற்காகவே அதை விரும்புகிறோம். மொசரெல்லாவோ ரென்னெட் என்னும் நொதியால் உறைந்து, வெந்நீரில் பிசைந்து நூலாக இழுக்கப்படுவது. எவ்வளவு விலை ஏறினாலும் பீட்சாக்காரர் பனீருக்கு மாற முடியாது, மாறினால் அது பீட்சாவாக இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள உறவு முழுக்க முழுக்கப் பால் வழி உறவு.

செடாருக்கும் பதப்படுத்திய சீஸுக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. இளம் செடார், பழைய செடார், துண்டு துணுக்கு எல்லாவற்றையும் உருக்கி, உப்புகள் சேர்த்து ஒன்றாக்கினால் பதப்படுத்திய சீஸ். நம் பக்கத்துச் சீஸ் தோசையிலும் சாண்ட்விச்சிலும் இருப்பது பெரும்பாலும் அது. இளம் செடார் விலை ஏறினால் கலவையில் பங்கை மாற்றிக்கொள்ளத் தயாரிப்பாளருக்கு வழி இருக்கிறது. அதனால் பதப்படுத்திய சீஸின் விலை துள்ளாமல் மெல்ல நகரும். பீட்சாக் கடைகளிலும் இந்தக் கைவேலை உண்டு. தனி மொசரெல்லா கட்டுப்படியாகாதபோது செடார் கலந்த கலவையைத் தூவுவார்கள். அந்த மாதத்தில் செடாருக்குக் கிராக்கி கூடுகிறது. இங்கே கயிறு கிடப்பது சமையலறையில்.

காலம் என்ற ஒன்றையும் சேர்க்காமல் சீஸ் விலையைப் பேச முடியாது. அம்பாசமுத்திரம் அரிசிக் கடைகளில் புது அரிசிக்கு ஒரு விலை, பழைய அரிசிக்கு ஒரு விலை. ஒரே வயலில் விளைந்த ஒரே அம்பை 16 நெல்லாக இருந்தாலும், இருப்பு வைத்தது விலை கூடுதல். இருப்பு வைக்க நெல் சேமிக்கும் கோட்டை வேண்டும், எலிக்கும் பூச்சிக்கும் காவல் வேண்டும், முடங்கிய பணத்துக்கு வட்டி வேண்டும். சமைத்தால் சோறு உதிரியாக வரும் என்பதால் வாங்குபவரும் அதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். பழுக்க வைத்த சீஸ் இதே வகை. பார்மிஜானோ குறைந்தது பன்னிரண்டு மாதம் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஊர் வங்கியான கிரெடிட்டோ எமிலியானோ சீஸ் சக்கரங்களை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது, நாம் நகைக்குக் கடன் வாங்குவதைப் போல.

இதனால் விலையில் ஒரு விசித்திரம் உண்டாகிறது. இளம் சீஸ் விலை விழுந்தால் தயாரிப்பாளர் ‘இப்போது விற்க வேண்டாம், பழுக்கட்டும்’ என்று அதிகமாக உள்ளே வைப்பார். அந்தச் சரக்கு ஓராண்டு கழித்துச் சந்தைக்கு வரும்போது பழைய சீஸின் விலையை அழுத்தும். அதாவது இன்றைய இளம் சீஸின் சரிவு, அடுத்த ஆண்டுப் பழைய சீஸின் சரிவாகப் பிறக்கிறது. பழைய சீஸின் விலையை மட்டும் பார்த்து அன்றைய செய்தியில் காரணம் தேடுகிறவர் ஏமாந்துபோவார்; காரணம் போன வருடத்துச் செய்தித்தாளில் இருக்கிறது.

அமெரிக்காவில் சீஸ் விலையை யார் சொல்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பங்குக்குப் பதில் சிகாகோ. அங்கே 40 பவுண்டு செடார் கட்டிகள் தினமும் சிறிது நேரம் ஏலம் போகின்றன. அதற்கு முன் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் நடந்த தேசியச் சீஸ் சந்தை அந்த வேலையைச் செய்தது. நாட்டுச் சீஸில் ஒரு சதவீதத்திற்கும் குறைவாகவே அங்கே கைமாறியது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த விலையைத்தான் பின்பற்றின. விலையை வேண்டுமென்றே வளைக்கிறார்கள் என்ற புகார்கள் எழுந்து, 1997-ல் அது மூடப்பட்டு வியாபாரம் சிகாகோவுக்குப் போனது. செடாருக்குச் சொன்ன விலையை வைத்து மொசரெல்லாவுக்கும் ஒப்பந்தம் போடுகிறார்கள். அமெரிக்காவில் மொசரெல்லா உற்பத்தி செடாரை விஞ்சிவிட்ட பிறகும் அதற்கென்று தனி ஏலம் நிலைபெறவில்லை. அண்ணன் பெயரில் ரேஷன் அட்டை, தம்பி குடும்பமும் அதிலேயே வாங்குகிறது என்ற கதைதான்.

2020-ல் இந்தப் பிணைப்பின் வேகத்தை உலகம் பார்த்தது. ஏப்ரலில் உணவகங்கள் மூடியதும் செடார் கட்டியின் விலை பவுண்டுக்கு ஒரு டாலர் அளவுக்கு விழுந்தது. அமெரிக்க அரசு ஏழைகளுக்கு உணவுப்பெட்டி கொடுக்கச் சீஸை வாங்கத் தொடங்கியது, உணவகங்களும் திரும்பத் திறந்தன. ஜூலையில் அதே கட்டி மூன்று டாலர். பதப்படுத்திய சீஸுக்குப் போகும் 500 பவுண்டு பீப்பாய்ச் செடார் எப்போதும் கட்டியைவிட மூன்று சென்ட் குறைவாக இருக்கும் என்று நம்பித்தான் அங்கே விவசாயிக்குப் பால் விலையைக் கணக்கிடும் அரசுச் சூத்திரத்தையே எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் இடைவெளி பல மடங்கு விரிந்து, சூத்திரம் விவசாயிக்கு நட்டமானது. பீப்பாய் விலையைச் சூத்திரத்திலிருந்து நீக்கியது 2025 ஜூன் மாதத்தில்தான். இரண்டு சீஸ்களின் விலை இப்படித்தான் நகரும் என்று சட்டத்தில் எழுதிவைத்தால், அவை அப்படி நகராத நாளில் அடி வாங்குபவர் மாடு வளர்ப்பவர்.

சிகாகோ ஏறினால் பாளையங்கோட்டை ஏறுமா? நேரடியாக ஏறாது. வெளிநாட்டுச் சீஸுக்கு இந்தியா 30 சதவீதத்திற்குக் குறையாத சுங்க வரி விதிக்கிறது, பவுடருக்கு அதைவிடக் கூடுதல். அந்த மதில் நம் விவசாயிக்குத் தேவை என்பதே என் கருத்து. மதிலுக்குள்ளே நம் சீஸ்கள் நம் பாலோடும் நம் நெய்யோடும் நம் வரியோடும்தான் பிணைந்திருக்கின்றன.

வரியும் ஒரு கயிறு. பாக்கெட்டில் அடைத்த பனீருக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, உதிரிப் பனீருக்கு வரி இல்லை. சீஸுக்கும் நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பனீருக்கு வரி நீங்கியது, மற்றவை 5 சதவீதத்திற்கு இறங்கின. வரிக் குறைப்பு முழுவதும் விலையில் இறங்கினால் பாக்கெட் பனீர் நூற்றுக்கு ஏறத்தாழ 4.8 குறையும், சீஸ் 6.25 குறையும். ஆக, பனீரோடு ஒப்பிட்டால் சீஸ் ஒரு படி மலிந்தது. அதைவிட முக்கியமானது வேறு. பெயர் போட்டு, தேதி போட்டு, உரிமம் எடுத்து விற்பவருக்கு வரி, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பவருக்கு வரியில்லை என்ற அநியாயம் அன்றோடு முடிந்தது.

அந்தப் பிளாஸ்டிக் பையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சட்டப்படி பனீரின் உலர்ந்த பாகத்தில் பாதியாவது பால்கொழுப்பாக இருக்க வேண்டும். பால்கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயிலும் பால் பவுடரும் மாவும் சேர்த்துச் செய்த கட்டியைப் பனீர் என்ற பெயரில் விற்கக்கூடாது. இது பாலுக்கு மாற்று என்று அட்டையில் தெளிவாக எழுதித்தான் விற்க வேண்டும். அட்டை சமையலறை வாசலோடு நின்றுவிடுகிறது. விருந்தில் பனீர் பட்டர் மசாலா என்று இலையில் விழும்போது அது எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. பீட்சாவின் மேல் உருகும் பொருளுக்கும் இதே கதை.

விலை உறவைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமல்ல. இதுவரை சொன்ன பிணைப்புகள் எல்லாம் பால் வழியாக நடப்பவை. பனீர் விலை ஏறினால் பாலுக்குக் கிராக்கி, பாலுக்குக் கிராக்கி என்றால் தொழுவத்துக்கு வருமானம். பாமாயில் கட்டி நுழைந்த இடத்தில் அந்தச் சங்கிலி அறுகிறது. அதன் விலை மலேசியாவையும் இந்தோனேசியாவையும் பார்த்து நடக்கிறது. பாமாயில் மலிந்த மாதத்தில் போலிக்கட்டி மலிகிறது, நல்ல பனீர்க்காரர் விலையை ஏற்ற முடியாமல் நிற்கிறார், அவர் பாலுக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்கிறார். 2014 ஆகஸ்டில் ரஷ்யா ஐரோப்பியச் சீஸுக்குத் தடை போட்டபோது இந்த நாடகம் பெரிய அளவில் நடந்தது. ரஷ்யாவுக்குப் போக வேண்டிய ஐரோப்பியச் சீஸ் உள்ளூர்ச் சந்தையில் வந்து விழுந்து விலையை இறக்கியது. பின்லாந்தில் ரஷ்ய எழுத்து அச்சிட்ட பாக்கெட்டுகளையே மலிவாக விற்றார்கள். ரஷ்யாவுக்குள்ளோ சீஸ் விலை ஏறியது, அந்த இடைவெளியில் பாமாயில் சீஸ் புகுந்தது. நல்ல சரக்கு விலை ஏறும் இடத்தில்தான் போலிச் சரக்குக்குக் கதவு திறக்கிறது.

இத்தனை கயிறுகளும் கடைசியாக வந்து முடிச்சுப்போடும் இடம் குளிர்பெட்டி அல்ல. முக்கூடல், களக்காடு, கடையம் பக்கத்துக் கிராமங்களில் காலை ஐந்தரை மணிக்குப் பால் ஊற்றும் இடம் அது. ஒரே தெருவில் கூட்டுறவுச் சங்கம் ஒருபுறம், தனியார் பால் வண்டி மறுபுறம். இரண்டு இடத்திலும் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான் காசு. சங்கத்தின் விலை அரசு அறிவிப்பு வரும்வரை அசையாது. தனியாரின் விலை நெய்யையும் பவுடரையும் பனீரையும் சீஸையும் பார்த்து வாரத்துக்கு வாரம் மாறும். சீஸுக்கும் நெய்க்கும் நல்ல காலம் என்றால் வண்டிக்காரர் லிட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஏற்றுகிறார். சங்கத்து வாசலில் நின்ற தூக்குவாளிகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகின்றன. பவுடர் குவிந்துவிட்டது, பனீர் விற்கவில்லை என்றால் வண்டி விலையை இறக்குகிறது, சில நாட்களில் வருவதே இல்லை. அன்றைக்கு அத்தனை வாளிகளும் திரும்பச் சங்கத்து வாசலுக்கு வந்து நிற்கின்றன.